எட்டு அங்குல டாப்சோனியனுடன் நாலரை வருடம்

2021 ஆகஸ்டில் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். ஒளியைக் குவிக்க 203 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, 1200 மி.மீ. குவியத் தொலைவு, பலகையில் செய்த பீடம். மோட்டார் கிடையாது, கணினி கிடையாது, கையால் தள்ளித்தான் வானத்தைத் தேட வேண்டும். நாலரை வருடமாக இதே குழாய்தான். ஆனால் அதைச் சுற்றித் துணைக்கருவிகள் நிறைய வந்தன, சில போயின. எது நிலைத்தது, எது பெட்டியிலேயே தூங்குகிறது என்று எழுதி வைத்தால் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

டாப்சோனியனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. செலவில் பெரும்பகுதி கண்ணாடிக்கே போகிறது. 1960களில் சான்பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்சன் கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டே பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, தெருவோரம் நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த எளிமை இன்றும் இந்த வடிவத்தில் அப்படியே இருக்கிறது. இருளுக்குப் பழகிய கண்ணின் பாவை அதிகபட்சம் 7 மி.மீ. விரியும் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கண்ணாடி அதைப்போல் 800 மடங்குக்கும் மேல் ஒளியைச் சேர்க்கிறது. குழாய் சுமார் 10 கிலோ, பீடமும் கிட்டத்தட்ட அதே எடை. இரண்டு நடையில் வெளியே கொண்டு வைத்துவிடலாம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் வெளியே எடுக்க அலுப்பாக இருக்கும் தொலைநோக்கி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மூலையில்தான் நிற்கும்.

இத்தனை நாளில் வாங்கியவற்றில் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: உயரத்தை மாற்றக்கூடிய நாற்காலி. முதல் எட்டு மாதம் குனிந்து நின்றேதான் பார்த்தேன். கழுத்து வலிக்கும், உடம்பு ஆடும், ஒரு நிமிடத்தில் கண்ணை எடுத்துவிடுவேன். காற்று மண்டலம் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு நொடி, இரண்டு நொடி அமைதியாகும். அந்த நொடியில்தான் கோள்கள் தங்கள் முகத்தைக் காட்டுகின்றன. அப்போது கண், நாம் பார்க்கும் முனையில் செருகும் வில்லையான ஐபீஸில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்காலி வந்த வாரம் வியாழனைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. உட்கார்ந்ததும் வழக்கம்போல இரண்டு பழுப்புப் பட்டைகள் மட்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தென்பட்டையின் விளிம்பில் கடித்து எடுத்தாற்போல ஒரு பள்ளம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளத்துக்குள் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் பெரிய செம்புள்ளி, வியாழனின் மாபெரும் புயல். பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும் கோள் அது. அரை மணி நேரத்தில் புள்ளி நகர்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதற்கு முன் எட்டு மாதம் அதே ஐபீஸ், அதே கண்ணாடி. நான் உட்காரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

சரி, ஐபீஸுக்கு வருவோம். கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு வந்தன. தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் (இந்த மி.மீ. எண்தான் அது) வகுத்தால் உருப்பெருக்கம்: முதலாவது 48 மடங்கு, இரண்டாவது 120. இதற்குமேல் போக வேண்டும் என்ற ஆசையில் 4 மி.மீ. ஒன்று வாங்கினேன், 300 மடங்கு. ஒரு குண்டூசித் துளைவழியே பார்ப்பதுபோல் இமையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. சனி பெரிதாக, மங்கலாக, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. மிக அமைதியான இரவுகளைத் தவிர 200 மடங்குக்கு மேல் இந்தக் கருவியில் எனக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இப்போது கோள்களுக்கு 7 மி.மீ. அகலப் பார்வை ஐபீஸ்தான், 171 மடங்கு. அதைக் கழற்றுவதே அபூர்வம்.

மறுபக்கம், குறைந்த உருப்பெருக்கத்துக்கு நல்ல ஐபீஸ் வாங்குவதைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அது பெரிய திருப்பம். 25 மி.மீ.யில் கார்த்திகை நட்சத்திரங்கள் மூச்சு முட்ட விளிம்போடு விளிம்பாக நிற்கும். 2 அங்குலக் குழல் கொண்ட 30 மி.மீ.யில் சுமார் 1.7 டிகிரி வானம் ஒரே பார்வையில் விழுகிறது. அதே கொத்து சுற்றிலும் கருமையோடு, கரிய துணியில் கொட்டிய நீலக் கற்களாகத் தெரிகிறது. ஒரு கொத்து கொத்தாகத் தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றி வெற்றிடமும் வேண்டும். உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ வில்லையும் ஒன்று இருக்கிறது; ஆண்டுக்கு நாலைந்து முறை எடுப்பேன்.

தேடிப் பிடிப்பதுதான் தொடக்கத்தில் பெரும்பாடு. கூட வந்த 9x50 பைண்டரில் (இலக்கைத் தேடக் குழாயின்மேல் பொருத்தும் சின்னத் தொலைநோக்கி) படம் தலைகீழாகத் தெரியும். அதைக் கழற்றாமலே பக்கத்தில் டெல்ராட் என்ற குறிபார்க்கும் கருவி ஒன்றை ஒட்டினேன். அரை டிகிரி, 2 டிகிரி, 4 டிகிரி எனச் சிவப்பு வட்டங்கள் வானத்தின்மேலேயே மிதப்பதுபோல் தெரியும். வரைபடத்தில் உள்ளதை அப்படியே வானத்தில் பொருத்திக்கொள்ளலாம். அதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு: பீடத்தின் அடியில் 360 டிகிரி அச்சிட்ட வட்டத்தாள், குழாயின்மேல் காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட ஆப்பில் திசைக்கோணமும் உயரக்கோணமும் பார்த்து இரண்டையும் அந்த எண்ணுக்குத் தள்ளினால் போதும். அபிஜித் நட்சத்திரத்துக்கு அருகிலுள்ள எம்57 வளைய நெபுலாவை (வளையமாக விரிந்த வாயு மேகம்) இப்படித்தான் முதலில் பிடித்தேன். ஊதிவிட்ட புகைவளையம் ஒன்று அசையாமல் நிற்பதுபோல் இருந்தது.

கண்ணாடிகளை ஒரே அச்சில் நிறுத்தும் கொலிமேஷன் வேலைக்குப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கருவியை நம்புவதற்கு முன் கருவியைச் சோதிக்க வேண்டும். நான் ஒரு மலிவான லேசர் வாங்கி, சிவப்புப் புள்ளி மிகச் சரியாக நடுவில் விழும்வரை திருகாணிகளைத் திருப்பினேன். அன்றிரவு நட்சத்திரங்கள் வால் முளைத்தாற்போல் ஒருபக்கம் இழுத்தன. மூன்று இரவு காற்றைக் குற்றம் சொன்னேன். அப்புறம் லேசரை அதன் துளையிலேயே மெதுவாகச் சுழற்றிப் பார்த்தபோது, புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் கண்ணாடியின்மேல் வட்டம் போட்டது. லேசரே கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தது. இப்போது செஷையர் எனப்படும் சாதாரணக் குழல் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். மின்கலமும் இல்லை, கோணலாகவும் போகாது. கடைசிச் சோதனைக்கு ஒரு பிரகாசமான நட்சத்திரம்: லேசாகக் குவியம் கலைத்தால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மையம் பிசகாமல் தெரிய வேண்டும்.

வெளியே எடுத்ததும் பார்க்கத் தொடங்காதீர்கள். வீட்டின் சூடு கண்ணாடியில் தங்கியிருக்கும். அது தணியும்வரை படம் கொதிக்கும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடுங்கள். கணினியில் இருக்கும் சிறிய ஃபேன் ஒன்றைக் கண்ணாடியின் பின்னால் பொருத்தினால் சீக்கிரம் தணிகிறது. கண்ணும் இருளுக்குப் பழக 20, 30 நிமிடம் வேண்டுமே, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். பனி இறங்கும் இரவுகளுக்குக் குழாயின் வாயில் கறுப்பு அட்டைச் சுருள்.

ஃபில்டர்களில் ஒன்றுதான் உண்மையில் மதிப்புள்ளது என்பது என் கருத்து. ஆக்சிஜன்-3 ஃபில்டர், 500.7 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய ஒளியை மட்டும் விடுவது. சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள வெய்ல் நெபுலா ஃபில்டர் இல்லாமல் எனக்குத் தெரிந்ததே இல்லை. பொருத்தியதும், கிழிந்த மெல்லிய துணி காற்றில் ஆடுவதுபோல் நீளநீளமாக விரிந்தது. கேலக்சிகளுக்கு இது உதவாது, அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. சூரியனுக்கு மட்டும் ஒரே விதி: குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய ஃபில்டர். ஐபீஸில் திருகும் சின்னச் சூரியக் கண்ணாடி எங்காவது கிடைத்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் பார்வையே போய்விடும்.

2024ல் 50 மி.மீ. ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்றும் வந்து சேர்ந்தது. அதுவே வானத்தைத் தேடிக்கொள்ளும், பத்துப் பத்து நொடிப் படங்களை அடுக்கி ஒன்றாக்கும். எம்51 கேலக்சியின் சுருளை 1845ல் அயர்லாந்து வானியலாளர் ராஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடியில் முதன்முதலில் கண்டார். அந்தச் சுருளை உள்ளங்கை அகல வில்லை ஒன்று அரை மணி நேரத்தில் திரையில் வரைந்து தந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. என் எட்டு அங்குலத்தில் அது இரண்டு மங்கல் திட்டுகள்தான். இருந்தாலும் கோள்களுக்கு அந்தச் சின்னக் கருவி சரிவராது, சனி ஒரு பொட்டாகத்தான் விழும். இப்போது அது ஒரு பக்கம் தானாகப் படம் சேர்த்துக்கொண்டிருக்க, நான் டாப்சோனியனில் உட்கார்ந்திருப்பேன். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கவில்லை.

கண்ணாடியில் தூசி படிந்தால் பதற வேண்டாம், படத்தில் வித்தியாசம் தெரியாது. இந்த நாலரை வருடத்தில் ஒரே ஒருமுறை, 2025 நவம்பரில்தான் கழுவினேன். குழாய்த்தண்ணீரை ஓடவிட்டு, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த நீரில் ஊறவைத்து, விரல்நுனியின் எடைகூடப் படாமல் தடவி, காய்ச்சி வடித்த நீரில் அலசிச் சாய்த்து வைத்தேன். மாலைக்குள் காய்ந்தது. செஷையரில் சரிபார்த்துவிட்டுச் சனியை நோக்கித் திருப்பினேன்.

2021ல் இதே கருவியில் முதலில் பார்த்ததும் சனிதான். அப்போது வளையம் நன்றாகச் சாய்ந்து, வளையத்தை இரண்டாகப் பிரிக்கும் காசினி இடைவெளி இரு முனைகளிலும் கறுப்பு மயிரிழையாகத் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அது ஒடுங்கிக்கொண்டே வந்தது. 2025 மார்ச்சில் பூமி வளையத்தின் தளத்தைக் கடந்து, வளையம் நமக்கு வெறும் விளிம்பாக நின்றபோது சனி சூரியனை ஒட்டி இருந்ததால் பார்க்க முடியவில்லை. நவம்பரில் வளையம் மீண்டும் ஏறக்குறைய விளிம்பாக நின்றது. அன்று 171 மடங்கில், கோளின் இருபுறமும் பென்சிலால் கீறியதுபோல் ஒரே கோடு. உருண்டையின் குறுக்கே வளையத்தின் நிழல் இன்னொரு மெல்லிய கறுப்புக் கோடு. வளையத்தின் கூச்சம் இல்லாததால் டைட்டன், ரியா, டயோனி, டெதிஸ் என்ற நான்கு நிலவுகளும் அதே கோட்டில் மணி கோத்தாற்போல் தெரிந்தன. இனி வளையத்தின் தென்முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். இப்படி மறுபடி விளிம்பாக நிற்பது 2038ல். அன்று நாற்காலியை விட்டு எழுந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.