ஸ்போக்ஸ் கம்பியை வெட்டி மரை போடும் கைக்கருவி: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

வீல் கட்டுவது உங்களுக்கு அடிக்கடி வரும் வேலை என்றால் இந்தக் கருவியை வாங்குங்கள். எப்போதாவது ஒரு கம்பி உடைந்து மாற்றுகிறவர்களுக்கு இது தேவையில்லை. நாகர்கோவிலில் சில வருடங்களாக இதை வைத்து வேலை செய்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் இதுதான்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு தனித் தேவை இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சைக்கிளில் போகக் கிளம்புகிறவர்கள், கிளம்புவதற்கு முன்னால் வீலைச் சரிபார்க்க வருவார்கள். பின்னால் மூட்டை ஏற்றுகிற சைக்கிளில் முதலில் உடைவது பெரும்பாலும் பின் வீலில் ஃப்ரீவீல் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) பக்கக் கம்பி. நாட்டு சைக்கிளுக்கான கம்பி எந்தக் கடையிலும் கிடைத்துவிடும். கியர் சைக்கிளுக்கு 289, 291 மி.மீ. என்று அளவு சொல்லிக் கேட்டால் அது கையில் இருக்காது. நீளமான கம்பி ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டால், வேண்டிய அளவுக்கு வெட்டி மரை போட்டு அன்றைக்கே கொடுத்துவிடலாம்.

அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. கம்பியின் நீளம் என்பது வளைவின் உள்பக்கத்திலிருந்து மரையின் நுனி வரை. ஓர் உதாரணம் சொல்கிறேன். 36 ஓட்டை, மூன்று கிராஸ், அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி கட்டுவது. ரிம்மில் நிப்பிள் (கம்பியின் மரையில் ஏறும் சின்ன நட்டு) தலை உட்காரும் வட்டத்தின் விட்டம் 600 மி.மீ., ஹப்பின், அதாவது வீலின் நடுக்குடத்தின், ஓட்டை வட்டத்தின் விட்டம் 45 மி.மீ., ஹப்பின் நடுவிலிருந்து இடது ஃபிளேஞ்சு (கம்பி மாட்டும் ஓட்டைகள் உள்ள விளிம்பு) வரை 34 மி.மீ. என்றால் கம்பி 290 மி.மீ. வரும். ஃப்ரீவீல் பக்கம் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டும் இருந்தால் 288.7. ஒன்றேகால் மில்லிமீட்டர்தானே என்று விடக் கூடாது. மரை ஓர் அங்குலத்துக்கு 56 சுற்று, அதாவது நிப்பிளை ஒரு சுற்று திருப்பினால் 0.45 மி.மீ. அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று சுற்று. கம்பி குறைந்தால் நிப்பிளின் தலைக்குள் கம்பி எட்டாமல், இழுவையில் தலை தனியாகப் பிய்ந்துவிடும். கூடினால் நிப்பிள் மரையில்லாத இடத்தில் போய் இறுகிக்கொள்ளும், ஒற்றைச் சுவர் ரிம்மாக இருந்தால் நுனி டியூபையும் குத்தும்.

சரி, மரைக்கு வருவோம். போல்ட்டுக்கு டை (மரை வெட்டும் அச்சு) வைத்து வெட்டுவது மாதிரி இதைச் செய்ய முடியாது. 14 கேஜ் கம்பியின் கனம் 2 மி.மீ., அதன் மரையின் வெளிவிட்டம் சுமார் 2.25 மி.மீ. கம்பியைவிட மரை பெரியது! இல்லாத இரும்பை எப்படி வெட்டி எடுப்பது? கருவிக்குள் இருக்கும் மூன்று உருளைகள் கம்பியை அழுத்தி, பள்ளத்தில் இருக்கும் உலோகத்தையே மேடாகப் பிதுக்குகின்றன. எதுவும் சீவி எடுக்கப்படாததால் அந்த இடத்தில் உலோகம் குறைவதில்லை. இதை நேரில் பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

கைப்பழக்கத்தில் வந்த சில விஷயங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் நுனி நசுங்கியிருக்கும், அதை அரத்தால் ராவி லேசாகக் கூம்பாக்கினால்தான் முதல் மரை நேராக ஏறும். கம்பியை நுனிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே, அலுமினியத் தகடு வைத்து வைஸில் பிடிக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும். உருளைக்கு எண்ணெய் கட்டாயம். ஒரேயடியாக இறுக்காமல், மெல்ல இறுக்கி இரண்டு மூன்று தடவை ஓட்டுவேன். முடிந்ததும் வெர்னியர் வைத்துப் பார்ப்பேன், 2.2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அந்தக் கம்பியை வீலில் போடுவதில்லை. நிப்பிள் ஏறிவிடும், ஆனால் பிடிப்பு இருக்காது.

உப்புக் காற்றையும் சொல்லியாக வேண்டும். குளச்சல், முட்டம் பக்கமிருந்து வரும் சைக்கிள்களில் கம்பியை விட நிப்பிள் பிடித்துக்கொள்வதுதான் பெரிய பாடு. துத்தநாகம் பூசிய கம்பியை வெட்டினால் வெட்டுவாயில் வெறும் இரும்பு தெரியும், துரு அங்கிருந்து தொடங்கும். அதனால் மரையில் கிரீஸ் தடவாமல் நான் நிப்பிள் ஏற்றுவதில்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியே நல்லது. ஆனால் அது கையையும் உருளையையும் சோதிக்கும். ஒரு முழு வீலுக்கான ஸ்டெயின்லெஸ் கம்பி போட்ட நாளில் மணிக்கட்டு வலித்துவிடும். அதிகம் போடுகிறவர்கள் கைப்பிடி சுற்றும் மேசை இயந்திரத்தையே பார்க்கலாம், விலை பல மடங்கு என்றாலும்.

நடுவில் மெலிந்த பட்டட் கம்பியில் கவனம் வேண்டும். நுனியில் இருக்கும் கனமான பகுதி வரைக்கும்தான் வெட்டலாம், மெலிந்த இடத்தில் மரை நிற்காது. 13 கேஜ், அதாவது 2.3 மி.மீ. கம்பிக்கு வேறு உருளை வேண்டும்.

வாங்கும்போது உருளைகள் தனியாகக் கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள், தேய்வது அவைதான். அப்புறம், நீங்கள் வழக்கமாகப் போடும் நிப்பிள் ஒன்றைக் கையில் கொண்டுபோய், கடையிலேயே ஒரு கம்பிக்கு மரை போட்டு, விரலால் ஏற்றிப் பாருங்கள். ஆடாமல் சீராக ஏற வேண்டும்.