86,400 ரூபாய் வாங்கிக்கொண்டு எஞ்சினின் அடிப்பாகத்தைத் தொடவே இல்லை: பழைய கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் எஞ்சின் ஹெட்டை (சிலிண்டர்களை மூடும் மேல்பாகம்) கழற்றி மேஜைமேல் வைத்தபோதுதான் முழு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று விடத் தோன்றும். அப்படி விட்டவர்கள் நிறைய இருப்பதால்தான் எங்களிடம் பணம் வாங்கிய அந்த ஒர்க்‌ஷாப்பில் இன்னும் வண்டி நிறைந்து நிற்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. டெல்டாவில் ஒரு ஊரின் பைபாஸ் ஓரம், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற, ரெண்டு லிஃப்ட் போட்ட பெரிய ஷெட். அவ்வளவுதான் சொல்வேன்.

வண்டி 2010 மாடல் வேகன் ஆர். 998 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. வருகிற டிசம்பரில் ஆர்.சி.க்கு (பதிவுச் சான்று) 15 வருஷம் முடிகிறது. புதுப்பிக்க ஃபார்ம் 25, கட்டணம் 5,000 ரூபாய், அதற்குமேல் பசுமை வரி, ஆய்வாளர் முன்னால் வண்டியைக் காட்ட வேண்டும். பாஸானால் இன்னும் 5 வருஷம். 15 வருஷம் நெருங்குகிற எல்லா வண்டிக்கும் இந்தக் கேள்வி வரும்: செலவு செய்து வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளுவதா? விற்றால் 1,30,000, மிஞ்சினால் 1,40,000 என்று ரெண்டு புரோக்கர்கள் சொன்னார்கள். இந்தக் குழப்பத்தில் இருப்பவர்களைத்தான் அந்தக் கடை குறிவைக்கிறது.

அக்டோபர் முதல் வாரம் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில், வடுவூர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேலே ஏறியது. ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) குறைந்திருந்தது, கீழே ஒழுகல் இல்லை. ஒழுகாமல் கூலன்ட் குறைந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் கீழே உள்ள சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகட்டை, சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகத்தோடுதான் வண்டி அந்த ஷெட்டுக்குப் போனது.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். ஓனரே வந்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றினார், டார்ச் அடித்து அடிப்பகுதி முழுக்கக் காட்டினார். முன் வீல் டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக் கிடந்த வைக்கோலைத் தானே கத்தியால் அறுத்து எடுத்தார். குறுவை அறுப்பு நேரத்தில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல்மேல் ஓட்டினால் அது ஷாஃப்டில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ரப்பர் உறையைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும், சைலன்சர் பக்கம் சிக்கினால் தீப்பிடிக்கவும் செய்யும். அதைக் கேட்காமலே செய்து கொடுத்த மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது? பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த வெளுத்த நுரையை விரலால் வழித்துக் காட்டினார். "பாருங்க அண்ணே, தண்ணியும் ஆயிலும் கலக்குது. எஞ்சினை இறக்கிச் சுத்தமா பண்ணிட்டா ஆர்.சி. புதுப்பிச்சு இன்னும் அஞ்சு வருஷம் கவலையே இல்லாம ஓட்டலாம். எங்க வீட்டு வண்டி மாதிரி பார்த்துத் தரேன்" என்றார். முதல் மதிப்பீடு 32,000. அந்த அஞ்சு வருஷம் என்ற வார்த்தைதான் விழ வைத்தது.

அந்த நுரை ஒரு அத்தாட்சியே இல்லை. மழைக்காலத்தில் தினமும் ரெண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் ஆயில் முழுச் சூடு ஏறாது. உள்ளே வியர்க்கிற ஈரம் மூடியில் நுரையாகப் படியும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கும் ஆயிலே பால் விட்ட காபி மாதிரி இருந்தால்தான் கலப்பு என்று பொருள். அன்று டிப்ஸ்டிக் ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது. அவர் அதைப் பேச்சில் கொண்டுவரவில்லை.

30,000 அட்வான்ஸ். நாலாம் நாள் போன்: "ரிங் போயிடுச்சு, டைமிங் செயின் தளர்ந்திருக்கு, திறந்ததோட மாத்திடலாம்." (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்.) எட்டாம் நாள் இன்னொரு போன்: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கிளட்ச். பிரித்துப் போட்ட வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அக்டோபர் 30 அன்று மீதி 56,400 ஜிபேயில் போனது. மொத்தம் 86,400. கையில் கிடைத்தது "எஸ்டிமேட்" என்று மேலே அச்சடித்த ஒரு வெள்ளைத்தாள். கடை முத்திரையும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

பத்தொன்பது நாள், 640 கிலோமீட்டர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல அரைமணி காத்திருப்பு, எஞ்சின் ஐடிலில். முள் மறுபடி ஏறியது. ஃபேன் ஓடுகிறது, ரேடியேட்டர் மேல் ஓஸ் கல் மாதிரி இறுகியிருக்கிறது, ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் வருகிறது. அதே கேஸ்கெட்.

அதற்குப் பிறகு கேட்ட பதில்கள். "ஏர் லாக்கா இருக்கும் அண்ணே, ரெண்டு நாள் ஓட்டுங்க, தானா சரியாகும்." (ஹெட் கேஸ்கெட் போன வண்டியை ரெண்டு நாள் ஓட்டினால் ஹெட் இன்னும் வளையும். இதைச் சொல்கிறவர் மெக்கானிக்கா?) அடுத்து, ஓனர் திருச்சி போயிருக்கிறார். அடுத்து, "நீங்க போர் தண்ணி ஊத்தியிருப்பீங்க." கூலன்ட் ஊற்றி மூடியதே அவர்கள்தான், அதற்குப் பிறகு மூடியை யாரும் திறக்கவில்லை. அடுத்து, "பதினஞ்சு வருஷ வண்டிக்கு வாரன்டி எல்லாம் கிடையாதுங்க." கடைசியாக வந்ததுதான் வயிற்றெரிச்சல்: "பேசாம எங்ககிட்டயே குடுத்துடுங்க, 60,000 தரேன்." 86,400 வாங்கி வேலை பார்த்த வண்டிக்கு 60,000!

லேத் பட்டறைக்காரர் ஹெட்டில் கை வைக்கும் முன்பு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்ற சோதனை, செய்தார். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூன்று காயிலையும் பிளக்கையும் கழற்றி, ஃபியூல் பம்ப் ரிலேயைப் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர். முதல் சிலிண்டர் 12.5 பார். இரண்டாவது 8. மூன்றாவது 8.2. சிலிண்டர்களுக்குள் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே கோளாறு, இங்கே நாலுக்கு மேல். பிறகு குறைந்த ரெண்டு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால், நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. இருபது நிமிஷம், 600 ரூபாய்.

அதாவது அந்த எஞ்சினுக்கு ரிங் வேலையே தேவைப்படவில்லை. எஸ்டிமேட்டில் ரிங்கும் பேரிங்கும் 14,600 ரூபாய்.

அதைச் செய்யவும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்தவுடன் அவர் சொன்னது: "சம்ப் போல்ட்டைப் பாருங்க தம்பி." ரிங் மாற்ற எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றியும் பல வருஷத்துச் செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து இறுகிப்போன பொருக்கு, ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒன்றில்கூட இல்லை. சம்ப் விளிம்பில் கம்பெனியில் போட்ட பழைய சாம்பல் நிறப் பேஸ்ட் அப்படியே. டைமிங் செயின் கவர் விளிம்பிலும் அதே கதை. செயின் செட்டுக்கு 11,900 எழுதியிருக்கிறார்கள்.

ஹெட்டைத் திருப்பிப் போட்டோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் விரல் அகலத்துக்குக் கறுப்புத் தீற்றல், அந்த இடத்தில் புது கேஸ்கெட்டும் எரிந்து ஓட்டை. பரப்பு முழுக்க மங்கல். ஃபேஸிங் செய்த, அதாவது பரப்பைச் சீவிச் சமப்படுத்திய ஹெட்டில் கட்டர் ஓடிய மெல்லிய கோடுகள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். இதில் ஒரு கோடுகூட இல்லை. நேர்ச்சட்டம் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டார், 0.15 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களுக்குப் பொதுவாக 0.05-க்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. வளைந்த ஹெட்டின்மேல் புது கேஸ்கெட்டை வைத்து முறுக்கினால் எவ்வளவு நாள் தாங்கும்? பத்தொன்பது நாள் தாங்கியிருக்கிறது. ஃபேஸிங்குக்கு எழுதிய தொகை 7,200.

"புது ரேடியேட்டர்" 6,500. நகத்தால் சுரண்டினேன். கறுப்பு பெயின்ட் உரிந்து உள்ளே உப்புப் பூத்த பழைய அலுமினியம்.

இந்த நாலு வரி மட்டும் 40,200 ரூபாய், அப்பட்டமான பொய். எஸ்டிமேட்டில் இருந்த லோயர் ஆர்ம் (முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கை) ரெண்டும் புதுசுதான், அதை மறைக்க மாட்டேன். மற்ற எஞ்சின் வேலைக்குக் கொடுத்த பணமோ கேஸ்கெட் மறுபடி போனதில் வீண். லேத்தில் ஃபேஸிங், ஒரிஜினல் கேஸ்கெட், புது ஹெட் போல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து இப்போது சொல்லியிருப்பது 14,500. அக்டோபரிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற கேள்விக்கு எஞ்சினிலிருந்து தொடங்கக் கூடாது என்பதை அந்தப் பட்டறைக்காரர் செய்துகாட்டினார். முதலில் பாடி. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், பாடியைத் தின்ற துருவுக்கு வைத்தியம் கிடையாது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டிகளில் இதுதான் முதல் பிரச்சினை. ஒரு திருப்புளியை எடுத்து ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடிப் பட்டை, பின் சக்கர வளைவின் உள்பக்கம், பானெட்டைத் திறந்தால் தெரிகிற ஷாக் அப்சார்பர் மேல் முனை, மிதியடிக்கு அடியில் தரை, பெட்ரோல் ஊற்றும் குழாய் எல்லாவற்றையும் அழுத்திக் குத்திப் பாருங்கள். மேலே செதில் உதிர்ந்தால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினால், அதுவும் ஷாக் அப்சார்பர் இடத்தில் இறங்கினால், எஞ்சினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். வயல் ஓரம் நிறுத்துகிற வண்டியில் எலி கடித்த ஒயரையும் பாருங்கள். ஒட்டுப்போட்ட டேப் நாலைந்து இடத்தில் இருந்தால், ஆய்வுக்குப் போகும் அன்றுதான் லைட் எரியாது.

எங்கள் வண்டியில் திருப்புளி எங்கேயும் இறங்கவில்லை. 1,35,000 பெறுகிற, துரு இல்லாத வண்டிக்கு 15,000 செலவு என்றால் யோசிக்கவே வேண்டாம், வைத்துக்கொள்ளலாம். அதே வண்டிக்கு 86,400 என்று முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் தலையாட்டியிருக்க மாட்டார்கள். அதனால்தான் 32,000-ல் தொடங்கினார்கள்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

கோளாறைக் கண்டுபிடிக்கிறவரும் வேலை பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எண்களைத் தாளில் எழுதி வாங்காமல் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள்.

வண்டியை விடும் முன்பு சம்ப் போல்ட், டைமிங் கவர், ரேடியேட்டர் மூன்றையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பாகங்கள் எல்லாம் டிக்கியில் திரும்பி வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

ஹெட் லேத்துக்குப் போனால் லேத் ரசீது தனியாகக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி எண் உள்ள பில் இல்லாமல் கடைசிப் பணத்தை அனுப்பாதீர்கள். எங்களிடம் ஜிபே பதிவும் அந்த வெள்ளைத்தாளும்தான் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிவாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை, நடந்த ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

ஹெட் லேத்தில் கிடக்கிறது, வண்டி பட்டறை வாசலில் நிற்கிறது. 86,400 ரூபாய் வாங்கிய ஓனருக்குக் காலையிலிருந்து ஆறு தடவை போன் செய்தாயிற்று. ஆறாவது தடவை கடைப் பையன் எடுத்து, "அண்ணன் சாப்பிடப் போயிருக்காங்க" என்றான். மணி அப்போது பத்தரை.