அடிமுத்திரையை முதலில் படிப்பதா, கூட்டை முதலில் அளப்பதா?

பழைய இராணுவத் தோட்டாவைச் செய்த ஆலையைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. தோட்டாவின் உலோகக் கூட்டின் அடிவட்டத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளை, அதாவது அடிமுத்திரையை, நேராகக் குறியீட்டுப் பட்டியலில் தேடுவது ஒன்று. கூட்டை அளந்து, பிரைமரின் (மருந்தைப் பற்றவைக்கும், அடியின் நடுவிலுள்ள சிறு மூடியின்) அமைப்பைப் பார்த்து, அதன் பிறகே எழுத்துக்கு வருவது மற்றொன்று. துப்பாக்கி உரிமம் பெற்ற ஏற்காட்டுத் தோட்டக் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்துவரும் காலித் தோட்டாக்களைப் பார்த்து விவரம் எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டையும் செய்து பார்த்தபின் இரண்டாவது வழிக்கே வந்து சேர்ந்தேன்.

பட்டியலின் பலம் வேகம். ‘கே’, ‘17’, ரோமன் ஏழு என்று இருந்தால் பர்மிங்காமின் கைனாக் ஆலை, 1917, ஏழாம் மார்க் (வடிவமைப்பின் வரிசை எண்) என்று உடனே சொல்லிவிடலாம். ‘ஆர்.எல்.’ வுல்விச்சின் ராயல் லேபரட்டரி; ‘கே.எஃப்.’ புனேக்கு அருகிலுள்ள கிர்க்கி ஆலை.

ஆனால் ஓர் எழுத்து ஓர் ஆலைக்கு மட்டுமே சொந்தமன்று. ‘யு’ என்ற ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் செய்த, பிரிட்டிஷ் படை ரகமான .303 தோட்டாவிலும் (எண் குழல் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது) அது உண்டு. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் யூட்டா ஆலை செய்த .30 தோட்டாவிலும் உண்டு. ஆண்டும் ஒத்துப்போவதால் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் பயனில்லை. வெர்னியர் காலிபர் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்தால் ஐயம் தீர்ந்துவிடும்: .303 கூட்டின் விளிம்பு உடலைவிட அகன்று வெளியே நீண்டிருக்கும், குறுக்களவு ஏறத்தாழ 13.7 மி.மீ.; அமெரிக்கக் கூட்டில் அப்படி நீண்ட விளிம்பு இல்லை, அடியின் குறுக்களவு 12 மி.மீ.தான். கூட்டின் நீளத்தைவிட விளிம்பையே நான் நம்புவதற்குக் காரணம், பேனா தாங்கியாகவும் மேசை அலங்காரமாகவும் மாற்றப்பட்ட கூடுகளில் வாய்ப்பகுதியை வெட்டியிருப்பார்கள்.

மலைத்தோட்டங்களில் அதிகம் கிடைக்கும் ‘கே.எஃப்.’ முத்திரைக்கும் இதே தேவை உண்டு. படையின் .303 ரகத்தைப் பொதுமக்களுக்குப் பிரிட்டிஷ் அரசு மறுத்ததால் வேட்டைக்காரர்களிடம் .315 ரகம் பரவியது. கிர்க்கி ஆலை அதற்கும் தோட்டா செய்தது. ஷாட்கன்னுக்கான ‘பன்னிரண்டு போர்’ (12 bore) தோட்டாவும் செய்தது. எனவே எழுத்து ஆலையைச் சரியாகச் சொன்னாலும் அது இராணுவத் தோட்டாதானா என்பதை அளவுதான் சொல்கிறது. வெட்டுப்படாத .303 கூடு 56 மி.மீ.க்குச் சற்று மேல்; .315 சுமார் 50 மி.மீ.

அடுத்தது உட்புறம். வாய் வழியாகச் சிறிய டார்ச்சை அடித்துப் பார்த்தால், பிரிட்டிஷ் முறையில் செய்த கூட்டின் அடியில் இரண்டு சிறு துளைகள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். அமெரிக்க முறையென்றால் நடுவில் ஒரே துளை. ஒரு .303 கூட்டில் ஒற்றைத் துளை இருந்தால், போர்க்காலத்தில் பிரிட்டனுக்காக வின்செஸ்டர் போன்ற அமெரிக்க ஆலைகள் செய்து கொடுத்ததாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு எழுத்தைப் படிக்கலாம்.

செலவு பெரிதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வேலைக்கு வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸும் ஒரு காலிபரும் போதும். விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் எழும்பும். எந்த வழியானாலும் பித்தளைப் பாலிஷ் மட்டும் போடாதீர்கள். பிரைமரைச் சுற்றியுள்ள மெல்லிய வண்ண வளையம் அதில் கரைந்துவிடும்; பிரிட்டிஷ் .303இல் ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் தடங்காட்டும் குண்டு. எழுத்துகூடச் சொல்லாத செய்தி அது.

ஜெர்மன் கூடுகளில் பட்டியலே போதும் என்று நினைக்கிறேன், என் கைக்கு வந்தவை மிகக் குறைவு என்றாலும். 1940 முதல் அவர்கள் ஆலைக்கென்று தனி எழுத்துக்கூட்டு வைத்தார்கள், ‘ஏ.யு.எக்ஸ்.’ என்றால் மாக்டெபர்க்கின் போல்ட்டே ஆலை. ரஷ்ய ஆலைகளுக்கு எண்கள்; 17 பர்னாவுல், 188 நோவோசிபிர்ஸ்க்.

பிரைமரில் அடிபட்ட குழி இல்லாமல் குண்டும் பொருந்தியிருந்தால், அது வெடிக்காத தோட்டா. அளக்கவோ துடைக்கவோ கூடாது, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் வரையறைக்குள் கொண்டுவருவதால், உரிமம் இல்லாதவர் காலிக் கூடு சேர்க்கத் தொடங்குமுன் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.