ஒரிஜினல் எஸ்எம்58-னு சொல்லி போலி மைக்கை தலையில கட்டுறாங்க, உஷாரா இருங்க

வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க, பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கிறவங்க, மைக் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. ஷூர் எஸ்எம்58 ஒரிஜினல்னு சொல்லி என் தங்கச்சிகிட்ட வித்தது அப்பட்டமான டூப்ளிகேட். அந்தக் கம்பெனி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, 1966-ல இருந்து வந்துட்டு இருக்கிற மைக் அது, மேடையில பாடுறவங்க கையில அதிகம் பார்க்கிற மைக்கும் அதான். அவ்வளவு பேர் கேட்டு வாங்குறதாலதான் போலியும் இவ்வளவு ஓடுது.

தங்கச்சி குழந்தைங்களுக்குக் கதை சொல்லி ரெக்கார்ட் பண்றா, நடுவுல ரெண்டு வரி பாடவும் செய்வா. டியூஷன் எடுத்து சேர்த்த காசுல வாங்கினது இது. கண்டென்சர் மைக் வேணாம்னு முடிவு பண்ணதும் நல்லா விசாரிச்சுதான், ஏன்னா எங்க வீடு ரோட்டு மேல இருக்கு, மேல ஃபேன் ஓடும், பக்கத்து வீட்டு குக்கர் விசில், காலையில பழைய இரும்பு பேப்பர்னு ஸ்பீக்கர் கட்டிட்டு வர்ற வண்டி, இது எல்லாத்தையும் கண்டென்சர் வரிஞ்சு கட்டி உள்ள இழுத்துரும். நல்ல அமைதியான ரூம், சுவத்துல கொஞ்சம் துணி கிணி இருக்குன்னா ஏடி2020 மாதிரி ஒரு கண்டென்சர்ல பாட்டு அழகா வரும், இல்லேன்னு சொல்லல. எங்க மாதிரி வீட்டுக்கு எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்தான் சரி, வாய்க்கு நாலு விரல் தள்ளி வச்சுப் பேசினா குரல் முன்னாடி நிக்கும், மத்த சத்தம் பின்னாடி போயிரும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மாடிக்கடை. (அங்க நேர்மையா யாவாரம் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களையும் சேர்த்து சொல்லல.) மொதல்ல பிஎம்-800 கிட்டைத்தான் எடுத்து வச்சாங்க, மைக், ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு, சவுண்டு கார்டு எல்லாம் சேர்த்து ஒரே விலை, "ஸ்டுடியோ கண்டென்சர் பாப்பா, பாட்டுக்காரங்க எல்லாம் இதான் வாங்கிட்டுப் போறாங்க"ன்னு. அந்த டைப் மைக் பார்க்கத்தான் பெருசு, பல சமயம் உள்ள இருக்கிறது விலை கம்மியான சின்ன எலெக்ட்ரெட் காப்ஸ்யூல் (காப்ஸ்யூல்னா சத்தத்தை வாங்குற பாகம்). தங்கச்சி வேணாம்னு சொல்லி எஸ்எம்58 கேட்டா. உள்ள போய் ஒரு டப்பா கொண்டு வந்தாரு, விலை வேற இடத்துல சொன்னதை விட ரெண்டாயிரத்துக்கு மேல கம்மி, கேட்டதுக்கு "டைரக்ட் இம்போர்ட் பாப்பா, நடுவுல ஆள் கிடையாது". பில் கேட்டா "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறேன்". ஜிபேல பணம் போச்சு. அடுத்த நாள் வந்தது "மைக் – 1"ன்னு கையில எழுதின ஒரு எஸ்டிமேட் சீட்டோட போட்டோ, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, மாடல் பேர் இல்ல.

இனிமேதான் முக்கியமான விஷயம். ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தா ஸ, ஷ வர்ற இடமெல்லாம் காதைக் குத்துது, கெயினை, அதாவது மைக் சிக்னலை ஏத்துற திருகை, முழுசா திருப்பினாத்தான் குரல் கேக்குது, அப்போ கூடவே உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல், கைப்பிடியை லேசா தொட்டாலே டொம்னு விழுது. கடைக்குப் போன் போட்டா மைக்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "உங்க இன்டர்ஃபேஸ் வீக்கும்மா" (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டிதான் இன்டர்ஃபேஸ்), அப்புறம் "48 வோல்ட் ஆன் பண்ணுங்க, சவுண்டு ஏறும்", அப்புறம் "ஒரு பூஸ்டர் பாக்ஸ் இருக்கு, அதைப் போட்டீங்கன்னா சூப்பரா இருக்கும்"னு அதுக்கும் தனியா ஒரு விலை. இதுல எதுவுமே சரியில்ல. 48 வோல்ட்ங்கிறது கேபிள் வழியா மைக்குக்குக் குடுக்கிற பேன்டம் பவர், அது கண்டென்சருக்குத்தான் தேவை, எஸ்எம்58 மாதிரி டைனமிக்குக்கு அதால சவுண்டு ஒரு துளி கூட ஏறாது. பூஸ்டர்ங்கிறது எஸ்எம்7பி மாதிரி 60 டெசிபல் கெயின் கேக்குற மைக்குக்கு சில பேர் போடுறது, எஸ்எம்58 அதை விட கொஞ்சம் சத்தமாவே சிக்னல் தரும், தங்கச்சிகிட்ட இருக்கிற ஸ்கார்லெட் சோலோ மூணாவது ஜெனரேஷன் இன்டர்ஃபேஸ்ல 56 டெசிபல் கெயின் இருக்கு, கிட்ட வச்சுப் பேசினா அதுவே தாராளம். கோளாறு மைக்ல, பழி மட்டும் இன்டர்ஃபேஸ், கேபிள், ரூம், கடைசியில பேசுறவங்க குரல் மேல வரைக்கும் போகுது. தங்கச்சி நெசமாவே தன் குரல்தான் சரியில்லையோன்னு நெனச்சு நாலு நாளா ரெக்கார்டிங் பக்கமே போகல, அதான் எனக்குப் பொறுக்கல.

மைக் செட் போடுற நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய எஸ்எம்58-ஐக் கொண்டு வந்தாரு. அதே இன்டர்ஃபேஸ், அதே கேபிள், மைக் மட்டும் மாத்தினோம், ஹெட்போன்ல கேட்டவுடனே தங்கச்சி முகம் மாறிருச்சு, குரல் கதகதப்பா, வட்டமா வருது. அப்புறம் ரெண்டையும் கீழ மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசுல வச்சோம், கம்பெனி சொல்ற எடை 298 கிராம், அவரோடது அதை ஒட்டி நின்னுச்சு, எங்களோடது 240 கூட வரல. திருகிக் கழட்டிப் பார்த்தா இன்னும் மோசம். ஒரிஜினல்ல கைப்பிடிக்குள்ள ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும், காப்ஸ்யூல் அதிர்வு ஏறாத மாதிரி ரப்பர்ல உக்காந்திருக்கும், எங்களோடதுல கைப்பிடி வெறும் குழாய், காப்ஸ்யூலைச் சுத்தி மஞ்சள் பசை வழிஞ்சு காஞ்சு கிடக்கு, ரெண்டு முடி மாதிரி ஒயர் நேரா பின்னுக்குப் போகுது. தொட்டா டொம்னு கேட்டதுக்குக் காரணம் அங்கயே தெரிஞ்சு போச்சு.

டப்பாலயே ஒரு தடயம் இருந்துச்சு, அதை நண்பர்தான் காட்டினாரு. மேல எஸ்எம்58-எல்சின்னு அச்சடிச்சிருக்கு, எல்சின்னா கேபிள் இல்லாம வர்ற மாடல், ஆனா உள்ள சீல் பிரிக்காத கவர்ல ஒரு கேபிள் சுருட்டி வச்சிருக்கு. வெளிநாட்டு சரக்கை இங்க டப்பால போட்டு விக்கணும்னா இறக்குமதி பண்ணவங்க பேர், அட்ரஸ், எம்ஆர்பி, எந்த நாட்ல செஞ்சதுங்கிறது எல்லாம் அச்சுலயோ ஸ்டிக்கர்லயோ இருந்தே ஆகணும், சட்டமே அப்படித்தான். இதுல ஒரு பார்கோடு மட்டும். "டைரக்ட் இம்போர்ட்"னு சொல்ற கடையில மொதல்ல அந்த ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்க, ஜிஎஸ்டி நம்பரோட மாடல் பேர் எழுதின பில் கையில வந்தப்புறம் பணம் அனுப்புங்க, ஹெட்போன் எடுத்துட்டுப் போய் அங்கயே சொருகிப் பேசிப் பாருங்க. எந்தப் பிராண்டா இருந்தாலும் அந்தக் கம்பெனியோட சைட்ல இந்தியாவுல யார் டீலர்னு பார்த்துட்டுப் போறது இன்னும் நல்லது. பட்ஜெட் இடிக்குதுன்னா சாம்சன் க்யூ2யூ மாதிரி நேரா கம்ப்யூட்டர்ல சொருகுற யூஎஸ்பி, இன்டர்ஃபேஸுக்குப் போற எக்ஸ்எல்ஆர் ரெண்டும் இருக்கிற டைனமிக் நேர்மையான கடையில வாங்கலாம், பாட்காஸ்டுக்கு அது போதும், இன்டர்ஃபேஸ் செலவு கூட மிச்சம்.

மைக்கை எடுத்துட்டு நேர்ல போனோம். "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்னு சுவத்துல இருக்கிற போர்டைக் காட்டினாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பில்லுல திருப்பிக் குடுக்க இத்தனை நாள்னு எதுவும் போடலேன்னா குறைபாடுள்ள பொருளை 30 நாளைக்குள்ள திருப்பி எடுக்க மறுக்கிறதே முறையற்ற வணிகம்னு இருக்கு, அதைச் சொன்னதும் "தம்பி, கோர்ட்டு கேஸுன்னு பேசாதீங்க, வேற மைக் தர்றேன்"னு இறங்கி வந்தாரு. வேற மைக்குன்னா மறுபடியும் அதே அலமாரிலேர்ந்துதானே வரும், வேணாம்னு வந்துட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணியாச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், எஸ்டிமேட் போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு, தராசு போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு. சரியா பதில் வரலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு, வக்கீல் வைக்கணும்னும் கட்டாயமில்ல. உங்கள்ல யாருக்காவது இதே மாதிரி "மைக் – 1" சீட்டு வந்திருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டோட சேர்த்து வச்சு நீங்களும் 1915-க்கு சொல்லுங்க.