ஃபிரீமாண்டில் சிறை: தூக்குமேடை வரை போய்ப் பார்க்க வேண்டிய இடம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வரும் உறவினர்களை எல்லோரும் கிங்ஸ் பார்க்குக்கும் ராட்னஸ்ட் தீவுக்கும் அழைத்துப் போவார்கள். நான் முதலில் ஃபிரீமாண்டில் சிறைக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். அண்மையில் நெல்லையிலிருந்து வந்த அண்ணனையும் அப்படித்தான் அழைத்துப் போனேன். அவர் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தூக்குத் தண்டனை வேண்டும் என்பவர். நான் வேண்டாம் என்பவன். எங்கள் வீட்டில் இது பழைய சண்டை.

பெர்த்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்; ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். 1850களில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள், அங்கேயே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட சிறை இது. 1991இல் மூடும் வரை அறைகளில் கழிப்பறை கிடையாது, வாளிதான். நியூயார்க்கில் இருப்பதுபோல் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிய பெர்த்துக்குப் பக்கத்தில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட, காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சுரங்கத்தில் படகில் போகும் சுற்று, இருட்டில் கைவிளக்கோடு பயந்துவிட்டு வரும் இரவுச் சுற்று எல்லாம் உண்டு. பேய்க் கதையில் எனக்கு ஆர்வமில்லை. தூக்குமேடையைக் காட்டும் பகல் சுற்று எது என்று முன்பதிவின்போதே கேட்டு, அதை எடுங்கள்.

தூக்கு அறை 1888இல் கட்டப்பட்டது. தனிமைச் சிறைப் பகுதியை ஒட்டிய வெள்ளையடித்த அறை. மேலே உத்தரம், அதிலிருந்து கயிறு, கீழே மரத்தளத்தில் திறந்துகொள்ளும் பலகை. அவ்வளவுதான். நம் சினிமாவில் வருவதுபோல் பத்துப் படி ஏறும் மேடை ஏதும் இல்லை. ஒரு பண்டகசாலையைப் போல் சாதாரணமாக இருக்கிறது. கைதியின் எடையைப் பார்த்துக் கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, எங்கள் குழுவில் ஓர் இளைஞர் கயிற்றுக்கு நேராகத் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே தூக்கிலிடப்பட்டவர்கள் 44 பேர். அதில் 43 பேர் ஆண்கள். ஒரே பெண் மார்த்தா ரெண்டெல், 1909; தன்னோடு வாழ்ந்தவரின் மகனைக் கொன்றதாகத் தண்டனை பெற்றவர். தேவாலய ஜன்னலில் அவர் முகம் தெரிகிறது என்று சொல்லி வெளியிலிருந்து கழுத்தை வளைத்துப் பார்க்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற சந்தேகம் இன்றும் இருப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. 44 பேரில் கூலம் முகமது என்பவரும் ஒருவர். கூல்கார்டி என்ற தங்கவயல் ஊரின் மசூதியில் தொழுதுகொண்டிருந்த ஒட்டக வணிகர் தாக் முகமதுவைச் சுட்டதற்காக 1896இல் தூக்கிலிடப்பட்டார்.

கடைசியாக இந்தப் பலகையில் நின்றவர் எரிக் எட்கர் குக், 1964 அக்டோபர் 26. இவர் கதைக்காகவே டிக்கெட் பணம் தகும். 1963 ஜனவரியில் ஒரே இரவில் ஐந்து பேரைச் சுட்டவர். மொத்தம் எட்டுக் கொலைகள். கதவைத் தாழிடாமல் தூங்கிக்கொண்டிருந்த ஊர், அவரால்தான் பூட்டு வாங்கியது. மேல்முறையீடே வேண்டாம் என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டார்.

"அரிதினும் அரிதான வழக்கு என்றால் இதுதானே? இவனைத் தூக்கில் போடாமல் யாரைப் போடுவது?" என்றார் அண்ணன்.

நான் காத்திருந்த கேள்வி அது. குக் ஒப்புக்கொண்ட கொலைகளில் இரண்டுக்கு ஏற்கெனவே வேறு இருவர் சிறையில் இருந்தார்கள். ஒருவர் டாரில் பீமிஷ். காது கேளாத, வாய் பேசாத இளைஞர். 1959இல் பெர்த்தின் காட்டஸ்லோ பகுதியில் நடந்த கொலைக்காக 1961இல் அவருக்குத் தூக்கு விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். இன்னொருவர் ஜான் பட்டன். காதலியைக் காரை ஏற்றிக் கொன்றதாகத் தண்டனை. இரண்டையும் செய்தது நான்தான் என்று குக் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை. தூக்குக்குப் பத்து நிமிடத்துக்கு முன் பைபிள்மீது கை வைத்து மறுபடியும் சொன்னார். எட்டு மணிக்குப் பலகை திறந்தது.

"அந்தக் காது கேளாத பையனுக்கு எதிராக என்ன சாட்சி?" என்று அண்ணன் கேட்டார். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் என்றேன்.

"போலீஸாரிடம் கொடுத்ததா? நம் ஊரில் அது சாட்சியமாகவே செல்லாதே, தம்பி!"

பட்டனின் தண்டனை 2002இல்தான் ரத்தானது. அவருடைய காரைப் போன்ற சிம்கா கார்களையும், குக் திருடியது போன்ற ஹோல்டன் காரையும் பொம்மைமீது மோதவிட்டுச் சோதித்தார்கள். பட்டனின் காரில் அன்று இருந்த சேதம், சிம்கா மோதினால் வரும் சேதத்தோடு பொருந்தவில்லை. பீமிஷ் விடுவிக்கப்பட்டது 2005இல், பதினைந்து ஆண்டுகள் சிறையில் கழித்து வெளியே வந்து எத்தனையோ காலம் கழித்து. அன்று அவர் தண்டனையைக் குறைக்காமல் இருந்திருந்தால் இந்த அறையின் கணக்கு 45 ஆகியிருக்கும். குக் உயிரோடு இருந்திருந்தால், அவரைத் திரும்பத் திரும்ப விசாரித்து உண்மையைப் பிரித்தெடுத்திருக்கலாம். சந்தேகமே இல்லாத குற்றவாளியைத் தூக்கிலிட்டாலும் நிரபராதி மாட்டிக்கொள்கிறான் என்பதுதான் என் வாதம். அப்பாவியைத் தூக்கிலிடும் ஆபத்தை மட்டும் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

குக்குக்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் சட்டத்திலிருந்து தூக்கை எடுக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1984இல்கூட இந்த மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குத் தூக்கு விதித்து, பிறகு குறைத்தார்கள்.

அண்ணன் கட்சி மாறவில்லை. "வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தூக்கு கூடாது" என்ற அளவுக்கு இறங்கி வந்தார். ரயிலில் திரும்பும்போது குழந்தைகளைக் கொன்றவர்கள் என்று ஆரம்பித்தார். பெர்த் வரை நீண்டது.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. சின்னக் குழந்தைகளைத் தூக்கு அறைக்கு அழைத்துப் போக வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிகளிடம் குக்கைப் பற்றிக் கேட்டால் பீமிஷையும் சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் சுற்று முடிந்த பிறகும் முற்றத்தில் நின்று பேசினார்.