ஸ்கூட்டருக்குக் கியர் ஆயில் மாற்றக் கொடுக்கிறீர்களா? போல்ட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பென்னாகரத்திலிருந்து தினமும் தருமபுரிக்கு 110 சிசி ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் தருமபுரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டேன். இன்ஜின் ஆயிலோடு, பின் சக்கரத்துக் கியர் பெட்டிக்குள் இருக்கிற கியர் ஆயிலும் மாற்றச் சொன்னேன். சாயங்காலம் பில்லில் கியர் ஆயில் 120 மில்லி, அதற்குக் கூலி என்று இருந்தது. நம்பிப் பணம் கட்டினேன்.

பத்தே நாளில் பின் சக்கரத்துப் பக்கம் ஊஊ என்று ஒரு சத்தம். வேகம் 40-ஐத் தாண்டினால் கூடும். போன் செய்தால், "டயர் சத்தமா இருக்கும் மேடம்" என்றார்கள். டயர் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அப்புறம் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் காட்டினேன். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பின் சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டிக்கு அடியில் ஆயிலை வடிக்கிற போல்ட். அதன் தலையில் செம்மண்ணும் பழைய ஆயிலும் சேர்ந்து கல் மாதிரி இறுகியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. "இதை யாரும் தொடவே இல்லைம்மா" என்றார். கழற்றினால் பாதி அளவு ஆயில்கூட வரவில்லை. வந்ததும் மை மாதிரி கருப்பு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது. பேரிங் தேய்ந்த இரும்புத்தூளாம். ஆயில் வெளியே வராமல் தடுக்கிற சீலில் கசிவு வேறு. அன்றைக்கே போல்ட்டைத் திறந்திருந்தால் ஆயில் குறைந்தது தெரிந்து, சீலை மட்டும் மாற்றியிருக்கலாம். இப்போது பேரிங்கும் சேர்த்து 1,850 ரூபாய்.

இன்ஜின் ஆயில் என்றால் அளவுக்குச்சியை எடுத்து நாமே பார்த்துவிடலாம். கியர் ஆயிலுக்குப் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் குச்சியே கிடையாது. இன்ஜினில் ஊற்றுவதும் அங்கே போகாது, அது தனிப் பெட்டி. அதனால்தான் மாற்றாமலே மாற்றியதாக எழுத முடிகிறது. வண்டியை விடும் முன் அந்த போல்ட்டை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நின்று பழைய ஆயிலை வடிக்கச் சொல்லுங்கள். நிற்க விடமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள்.

அந்தச் சத்தத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கினேன். பேரிங் இறுகிச் சக்கரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

யாரும் தொடாத அந்த போல்ட்டின் படத்தையும் பில்லையும் தருமபுரிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "பையன் மறந்திருப்பான்" என்று ஆயில் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பேரிங் செலவைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.