மத்திய அரசில் கோப்பு நகரவில்லையா: குறைதீர் மனுவா, ஆர்டிஐ மனுவா?

மத்திய அமைச்சகம் ஒன்றில் உங்கள் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கிறது. வீட்டிலிருந்தே கேட்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மத்திய அரசின் இணையப் புகார்த் தளமான சிபிகிராம்ஸில் குறைதீர் மனு. மற்றொன்று, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) மனு. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்திய பிறகு நான் ஆர்டிஐ பக்கம்தான் நிற்கிறேன்.

முதலில் கோப்பு நடக்கும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தாள் ஒரு பிரிவுக்கு வரும். உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இயக்குநர், இணைச் செயலாளர் என்று மேலே ஏறும். தனிமனிதர் சம்பந்தப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் அமைச்சர் மேசை வரை போவதே இல்லை. எந்த வேலை எந்தத் துறையுடையது என்பதை 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் சொல்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 77ஆவது பிரிவின் கீழ் வந்தவை அவை. மனு எழுதும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஓய்வூதியம் என்றாலே ஓய்வூதியத் துறை என்று நினைத்து அனுப்புகிறார்கள். ரயில்வே ஊழியரின் ஓய்வூதியம் ரயில்வே அமைச்சகத்துடையது. ராணுவத்தினருடையது பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறையுடையது.

குறைதீர் மனுவின் நல்ல பக்கம் வெளிப்படையானது: கட்டணம் இல்லை, வார்த்தையைப் பார்த்துப் பார்த்து எழுதும் தொல்லை இல்லை, பதிவு எண் உடனே கிடைக்கும். 2024 ஆகஸ்ட் மாத வழிகாட்டுதலின்படி 21 நாளில் தீர்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால், மனு மூடப்பட்ட 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வருமான வரித் திரும்பப்பெறுதல், பாஸ்போர்ட், தபால், வருங்கால வைப்புநிதி போன்றவற்றில் வெறும் தாமதம் மட்டும்தான் சிக்கல் என்றால் இதுவே போதும். பல சமயம் நன்றாகவே வேலை செய்கிறது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளவற்றையும், ஆர்டிஐ தொடர்பான புகார்களையும் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆர்டிஐ மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மனு 500 சொற்களுக்குள் இருப்பது நல்லது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். தபாலில் அனுப்பினால் போஸ்டல் ஆர்டரை அந்த அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எடுக்க வேண்டும். மனுவுக்குப் பதில் தர வேண்டிய தகவல் அலுவலர் பெயருக்கு எடுத்தால் திரும்பி வரக்கூடும். மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் மாநில அரசு அலுவலகத்துக்கான மனுவைப் போட்டால் மனு திரும்பும், பணம் திரும்பாது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழிலேயே எழுதவும் சட்டத்தின் 6(1) பிரிவு இடம் தருகிறது. ஆனால் டெல்லிக்குப் போகும் மனுவை ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பில் நாள் வீணாகாது.

இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு, மோசமான பதில் வந்த பிறகுதான் தெரியும். என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான்.

குறைதீர் மனு ஒரு நிர்வாக ஏற்பாடு. அமைச்சகத்தின் தொடர்பு அலுவலருக்கு வரும் மனு கீழ் அலுவலகத்துக்குத் தள்ளப்படும். எந்த அலுவலகத்தின் மேல் புகாரோ, அதே அலுவலகம் பதில் எழுதும். “உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது” என்ற ஒற்றை வரியோடு மனு மூடப்படவும் கூடும். அப்படி மூடியவர் மேல் சட்டப்படி எந்த அபராதமும் இல்லை.

ஆர்டிஐயில் ஒரு குறிப்பிட்ட அலுவலர் சிக்குகிறார். மத்திய அமைச்சகங்களில் பொதுவாகச் சார்புச் செயலாளர்தான் பொதுத் தகவல் அலுவலர். அதாவது உங்கள் கோப்பு ஏறிப்போகும் படிக்கட்டில் நிற்பவரே அவர். காரணமின்றித் தாமதித்தால் 20ஆவது பிரிவின்படி நாளுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் அவர் தலையில் விழும். நியாயமாக நடந்துகொண்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே. வேறு பிரிவு கோப்பைத் தராமல் இழுத்தால் சட்டத்தின் 5(5) பிரிவின்படி, கோப்பை வைத்திருக்கும் அந்த அலுவலரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். அதனால்தான் மனு வந்ததும் தூங்கிய கோப்பு எழுந்து நடக்கிறது. 30 நாள் தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும்.

இந்தப் பலம் கேள்வி எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. “ஏன் தாமதம்?” என்று கேட்டால் “இது தகவல் ஆகாது” என்று பதில் வரும், அந்தப் பதில் செல்லவும் செல்லும். இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள்: விண்ணப்பத்துக்கு இடப்பட்ட கோப்பு எண், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், எந்தத் தேதியில் எந்தப் பதவியில் இருந்தவரிடம் கோப்பு இருந்தது என்ற நகர்வு விவரம், முடிவெடுக்கக் கால வரம்பு சொல்லும் விதி அல்லது சுற்றறிக்கையின் நகல். அரசின் மின்னணுக் கோப்பு முறையான இ-ஆபீஸில் இருக்கும் கோப்புக்கு ஒவ்வொரு நகர்வும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். “அப்படி ஒரு விவரம் இல்லை” என்று அங்கே சொல்வது கடினம். பல அமைச்சகங்களுக்கான கேள்விகளை ஒரே மனுவில் கலக்காதீர்கள். தடித்த கோப்பு என்றால் நேரில் பார்வையிடக் கேளுங்கள்: முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 5 ரூபாய்.

குறைகளும் உண்டு. தகவல் அலுவலர் உங்களுக்கு வேலையை முடித்துத் தர மாட்டார், தாளைத்தான் தருவார். அமைச்சரவைத் தாள்கள் முடிவு எடுக்கப்பட்டு விஷயம் முடியும் வரை கிடைக்காது. பதில் சரியில்லை என்றால் முதலில் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும்; அந்த முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு அபராதப் பயம் கிடையாது, எனவே சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர் முடிவு சொல்ல உச்சமான 45 நாள் முடிந்ததும் அவருக்காகக் காத்திருக்காமல், அடுத்த 90 நாள் கெடுவுக்குள் இரண்டாம் மேல்முறையீட்டோடு மத்திய தகவல் ஆணையத்துக்குப் போங்கள். அங்கே வரிசை நீளம், மாதங்கள் ஆகும். உளவு அமைப்புகளும் சிபிஐயும் 24ஆவது பிரிவின் விலக்கில் இருக்கின்றன. ஊழல், மனித உரிமை மீறல் என்றால் மட்டும் வழி திறக்கும். அந்த வகை மனுக்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அவற்றுக்கு நான் சொல்லும் முறை அப்படியே பொருந்தும் என்று உறுதியளிக்க மாட்டேன்.

எம்பி மூலம் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வைப்பது மூன்றாவது வழி. கொள்கை விஷயத்துக்கு அது வலுவானது, தனிக் கோப்புக்கு உதவாது.

பணம் வரவேண்டியது, சான்று வரவேண்டியது போன்ற எளிய தாமதம் என்றால் முதலில் குறைதீர் மனு போடுங்கள். ஒற்றை வரியில் மூடினால் மேல்முறையீட்டையும் போட்டுவிட்டு, அன்றே அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு ஆர்டிஐயில் கேளுங்கள்: இந்த மனு மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், அதை மூட ஒப்புதல் தந்தவரின் பெயர், பதவி. நிராகரிப்பு, பணி மூப்பு, டெண்டர் போன்று முடிவின் காரணமே சந்தேகமாக இருந்தால் குறைதீர் மனுவில் நாளைக் கழிக்காமல் நேரே ஆர்டிஐக்குப் போங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தால் கையில் இருக்க வேண்டியது அந்தக் குறிப்புப் பக்கங்களின் சான்றிட்ட நகல்தான்.